அக்கா பார்க்காத பின்பாதி

என் அக்காவோடு சினிமாவுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. அவள் எந்தப் படத்தையும் சும்மா விடமாட்டாள். அவள் ரகசியம் என்று நினைத்துச் சொல்வது முழு அரங்குக்கும் கேட்கும்.

இரண்டுக்கும் காரணம் அவள் பார்க்கும் வேலைதான். நாங்கள் இருவரும் ஒரே பாட்டில் தொழிற்சாலையில் இருக்கிறோம். நான் பேக்கிங்கில். அவள் எனக்கு முந்தைய கட்டத்தில், விளக்குப் பலகைக்கு முன்னால். பின்னாலிருந்து வெள்ளை வெளிச்சம் அடிக்கும் பலகை, அதற்கு முன்னால் ஓடும் பெல்ட், பெல்ட்டில் வரிசையாக நகரும் மருந்து பாட்டில்கள். கழுத்தில் கீறலோ, அடியில் கோணலோ, உடம்பில் குமிழியோ கண்ணில் பட்டால் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். அது உடைந்து மறுபடி உலைக்குப் போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அக்காவுக்குச் சம்பளமே அதற்குத்தான். கைக்கு எட்டாத தூரம் பாட்டில் போய்விட்டால், அடுத்த இருக்கையில் இருப்பவளுக்கு இரண்டு விரலைச் சுண்டிக் காட்டுவாள். அதைத் தூக்கு என்று அர்த்தம்.

விரலால் பேசுவதற்குக் காரணம் எந்திரங்களின் இரைச்சல். வாயால் சொல்லியே ஆக வேண்டுமென்றால் கத்த வேண்டும். வருடக்கணக்காகக் கத்தியதில் எங்கள் எல்லோருக்கும் மெல்லப் பேசுவது மறந்தே போய்விட்டது. மறந்துவிட்டது என்பதும் எங்களுக்குத் தெரியாது. காதோரம் குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி ரகசியம் சொல்வோம்.

தொழிற்சாலையில் அவளுக்கு லென்ஸ் அக்கா என்று பெயர். அத்தான் இறந்தபோது அவளுடைய மகனுக்கு நடக்கக்கூடத் தெரியாது. அந்த பெல்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்துதான் அவனை வளர்த்தாள், படிக்க வைத்தாள், கல்யாணமும் செய்துவைத்தாள். இதைச் சொன்னால் கண் கலங்குகிறவர்கள் உண்டு. அக்காவுக்கு அது பிடிக்காது. "வேலை பார்த்தேன், சம்பளம் வாங்கினேன். இதுல அழ என்ன இருக்கு?" என்பாள்.

வாராந்திர விடுமுறையில் நாங்கள் இருவரும் படத்துக்குப் போவோம். இன்ன படம் என்று இல்லை. டிக்கெட் கிடைக்கும் படத்துக்குப் போவோம். அக்காவுக்கு அதுவும் பெல்ட் மாதிரிதான். வெளிச்சமான பலகை, அதில் ஏதேதோ ஓடுகிறது. பிழை கண்ணில் படாமல் இருக்குமா?

சமீபத்தில் ஒரு பேய்ப் படம் பார்த்தோம். பேய்க்குக் கோபம் வந்து அலமாரியிலிருந்த பாட்டில்களையெல்லாம் வீசி உடைத்தது. அரங்கமே அலறியது. அடுத்த காட்சியில் கதாநாயகி அதே அலமாரிக்கு முன்னால் நின்று அழுகிறாள், பாட்டில் அத்தனையும் முழுசாக இருக்கின்றன. "மறுபடி யாருடி அடுக்கினது? பேயா?" என்று என் காதில் மட்டும் கேட்பதாக நினைத்துக் கேட்டாள். அதற்கப்புறம் பேய் வரும்போதெல்லாம் பின்வரிசைக்காரர்கள் சிரித்தார்கள். அந்தப் பேய் பாவம், கடைசிவரை தலையெடுக்கவே இல்லை.

அடுத்து ஒரு காதல் படம். கதாநாயகி பஸ் ஏறும்போது கதாநாயகன் நிற்கிறான், இறங்கும்போது நிற்கிறான், மழையில் நிற்கிறான். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது. "இவன் எந்த ஷிஃப்டு? எப்பப் பாரு தெருவுலயே நிக்கிறான். இவனுக்கு யாரு சம்பளம் குடுக்கிறா?" முன்வரிசையில் காதலியோடு வந்திருந்த ஒரு பையன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். அவர்களுக்குள் அன்று என்ன ஆனதோ.

கொலைப் படத்துக்குத்தான் அவள் நிஜமாகவே கோபப்பட்டாள். ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள். போலீஸ்காரன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு படம் முழுக்க யோசிக்கிறான். அவளுடைய காதலன் யார், பகையாளி யார், கடைசியாக யாரோடு பேசினாள் என்றெல்லாம் துருவுகிறான். "அவ என்ன வேலை பார்த்தான்னு ஒருத்தன் கேட்டானா பாரு. வேலைக்கு வரலைன்னா அங்க யாராவது தேடியிருப்பாங்கல்ல? கூட வேலை பார்த்தவளுக்குத் தெரியாததா இவனுக்குத் தெரியப் போகுது?" வெளியே வந்து பஸ் வரும்வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஆமாம் போட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் எனக்கு வருவது எரிச்சல்தான். எதற்குக் கோபப்பட வேண்டும் என்பதை எனக்கு எப்போதும் அக்காதான் எடுத்துக் கொடுப்பாள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அக்கா மகன் வந்தான்.

அவனுக்கு இந்தப் பக்கம் வேலை மாற்றல். மனைவியும் கைக்குழந்தையும் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மருமகள் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பகலில் பேத்தியை எதிர் வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டாள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஒரே ஒரு விஷயம் தவிர. சினிமாவுக்கு இப்போது குடும்பமாகப் போக வேண்டியதாயிற்று. டிக்கெட்டை அவன் போனிலேயே எடுப்பான். இருக்கையையும் அவனே முடிவு செய்வான். அக்காவுக்கு எப்போதும் ஓர இருக்கை.

ஏன் ஓரம் என்பது முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. விண்வெளிப் படம் அது. ராக்கெட் கிளம்பிய சத்தத்தில் பாப்பா வீறிட்டது. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் குழந்தையைத் தூக்கி நீட்டினான். மருமகளைத் தாண்டி, என்னைத் தாண்டி, குழந்தை அக்கா மடிக்கு வந்து சேர்ந்தது. "அம்மா, கொஞ்சம் வெளிய வெச்சுக்கோம்மா." அக்கா எழுந்து போனாள். ராக்கெட் போய், திரும்பி, கடலில் விழுந்து, எல்லோரும் கைதட்டிய பிறகும் அவள் வரவில்லை. நடைபாதையில் குழந்தையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்னடி ஆச்சு? அவன் திரும்பி வந்தானா?" என்று மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் கேட்டாள்.

"வந்தான். அவன் பொண்ணு ஓடி வந்து கட்டிக்கிட்டா."

"இவ்வளவு நாளு அந்தப் பொண்ண யாரு பார்த்துக்கிட்டா?"

"அவன் அம்மா."

"அந்தம்மா எந்த வேலைய விட்டுட்டு வந்தாளாம்?"

அது படத்தில் இல்லை என்றேன். "இருக்காதே" என்று டப்பாவை மூடிவிட்டுப் போனாள்.

அடுத்தது சண்டைப் படம். அதற்கடுத்தது சிரிப்புப் படம். பாப்பாவுக்கு எந்தப் படமும் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா எல்லாப் படத்திலும் முன்பாதியை மட்டும் பார்த்தாள், பின்பாதியை என் வாயால் கேட்டாள். எனக்குக் கதை சொல்ல வராது. ஆளை மாற்றிவிடுவேன், செத்தவனைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி விடு" என்பாள். ஒரு பாட்டிலைக்கூடச் சரி விடு என்று விடாதவள் இதை மட்டும் விட்டாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"உன் பிள்ளைக்குக் கையில்லையா? ஒரு தடவை அவன் எழுந்து போனா என்ன?" என்று நான் கேட்டேன்.

"ஆசையா பார்க்கிறான்டி. போகட்டும்."

இந்தப் போகட்டும்தான் பிரச்சினை. போகட்டும் என்றால் எங்கேதான் போய் நிற்கும்?

போன வாரம் அது எங்கள் பேக்கிங் மேசையில் வந்து நின்றது. என் பக்கத்தில் வேலை பார்க்கும் பெண் ஒரு காகித உறையை என் முன்னால் நீட்டினாள். "லென்ஸ் அக்காவுக்குப் பரிசு வாங்க. உன் பங்கைப் போடு. சொந்தத் தங்கச்சி, கொஞ்சம் கூடவே போடு."

"எதுக்குப் பரிசு?"

"என்ன இப்படிக் கேக்கிற? இந்த மாசத்தோட நிக்கிறாங்கல்ல? சுவர்க் கடிகாரம் வாங்கலாம்னு இருக்கோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேரே சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர், நிஜமாகவே வருத்தப்பட்டார். "அவங்க மகன் வந்து சொன்னாரும்மா. அம்மாவுக்கு வயசாகுது, ஓய்வு வேணும்னு ஆசைப்படுறாங்க, சொல்லக் கூச்சப்படுறாங்கன்னார். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. திரும்பி வந்து கண்ணாடிச் சுவர் வழியாக அக்காவைப் பார்த்தேன். விளக்குப் பலகைக்கு முன்னால் எப்போதும்போல உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தெரியாது.

சாப்பாட்டு இடைவேளையில் சொன்னேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. "ஓய்வா? எனக்கா?" என்று ஒரு தடவை கேட்டாள். அவ்வளவுதான். மிச்சச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தாள்.

அன்று மதியத்துக்கு மேல், பேக்கிங்குக்கு வந்த பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்தேன். கழுத்தைச் சுற்றிக் கீறல். அதுவும் விரலால் தடவினாலே தெரிகிற கீறல். அக்காவின் பலகையைத் தாண்டி அப்படி ஒன்று வந்து நான் பார்த்ததே இல்லை. சத்தம் போடாமல் அதை உடைசல் தொட்டியில் போட்டேன். அழுகை வந்துவிட்டது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. ஓய்வு என்ற நல்ல சொல்லை எடுத்துக்கொண்டு போய் என்ன காரியம் செய்திருக்கிறான் பாருங்கள்! எதிர் வீட்டு அம்மாள் ஊர் மாறிப் போகிறாள் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள்; பாப்பாவைப் பார்க்க ஆள் வேண்டும். அதைச் சொல்ல வேண்டியதுதானே? அம்மா, நீ வேலையை விடுவாயா என்று கேட்க வேண்டியதுதானே? கேட்டால் அவள் இல்லை என்று சொல்லக்கூடும். அதனால் கேட்கவில்லை.

மருமகளையும் மனதுக்குள் நாலு திட்டுத் திட்டிவைத்தேன்.

"இன்னைக்கே கேட்டுரு" என்றேன் தொழிற்சாலை வாசலில்.

"கேக்கிறேன்" என்றாள் அக்கா. ஆனால் நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். "சீக்கிரம் வாம்மா! சித்தி, உங்களுக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். அம்மா படம். பார்த்தவங்க எல்லாம் அழுதுக்கிட்டே வர்றாங்களாம். உனக்காகத்தாம்மா எடுத்தேன்."

அக்கா அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். பெல்ட்டில் வரும் பாட்டிலைப் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழ்வரை. பிறகு முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

படத்தில் வரும் அம்மா ஒரு தையல்காரி. பெரிய கடையில் அவளுக்குக் கீழே நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். மகனுக்குக் காய்ச்சல் வருகிறது. அடுத்த காட்சியில் அவள் வீட்டில் இருக்கிறாள், கடை இல்லை. பிறகு ஒரு பாட்டு. அந்தப் பாட்டுக்குள்ளேயே மகன் பெரியவனாகிவிடுகிறான், அவளுக்குத் தலை நரைத்துவிடுகிறது. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நடிப்பில்லை, நிஜமான கண்ணீர். "அம்மான்னா அம்மாதான்" என்று மனைவியிடம் தழுதழுத்தான். அந்த நேரம் பார்த்து பாப்பா சிணுங்கியது. அவன் ஒரு கையால் கண்ணைத் துடைத்தபடியே மறு கையால் குழந்தையை நீட்டினான்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்! திரையில் இருக்கும் அம்மாவுக்கு அழுகிறான். தன் அம்மாவை அதே அழுகையோடு வெளியே அனுப்புகிறான். அவனுக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. அக்கா குழந்தையோடு எழுந்து போனாள். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் அந்த அம்மா இருமத் தொடங்கினாள். இருமினால் முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். எழுந்து வெளியே போனேன்.

நடைபாதையில், பாப்கார்ன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். பாப்பா தூங்கியிருந்தது.

"தூங்கிருச்சே, உள்ள வர வேண்டியதுதானே?"

"ஏன்டி, அந்தத் தையல்காரிக்குக் கடைன்னு ஒண்ணு இருந்துச்சுல்ல?" என்றாள் அக்கா. "நாலு பேரு வேலை பார்த்தாங்கல்ல? கடைய மூடுனப்ப அவ என்ன சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் சொல்லலையே."

"ஒண்ணும் சொல்லல. நான் கண்ணு கொட்டாம பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அவ்வளவு பெரிய கடை, அவ்வளவு வருஷ உழைப்பு. அதை விடுறதுக்கு அவளுக்கு ஒரு வரி வசனம்கூடக் குடுக்கல. யாரும் அவளை விடுன்னும் சொல்லல, விடுறியான்னும் கேக்கல. ஒரு காட்சில இருக்கு, அடுத்த காட்சில இல்ல. பேய்ப் படத்துல உடைஞ்ச பாட்டில் திரும்பி வந்துச்சே, அதைவிடப் பெரிய பொய் இது. நடுவுல யாரோ வெட்டிட்டாங்க." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. பாப்கார்ன் விற்றவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "என் கதையிலயும் அதைத்தான் பண்ணியிருக்கான். என்கிட்டயே காட்டாம."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"படம் பார்க்கப் போறேன்" என்றாள்.

உள்ளே போனோம். அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும். திரையில் அம்மா படுக்கையில் கிடக்கிறாள், மகன் வெளியூரிலிருந்து ஓடி வருகிறான். அங்கங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம். அக்கா ஓர இருக்கையில் உட்காரவில்லை. எங்கள் முழங்கால்களையெல்லாம் தாண்டி மகனிடம் போனாள். அவன் காதோரம் குனிந்தாள். பழக்கப்படி கையால் வாயை மறைத்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னாள்.

"டேய், உன் பொண்ண நீ புடி. நான் முழுப்படம் பார்த்து மாசக்கணக்காகுது."

கடைசி வரிசைவரை கேட்டது. அவளுக்கு மட்டும் அது தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

"அப்புறம், நான் வேலைய விடுறதா சூப்பர்வைசர்கிட்ட நீ சொன்னது எனக்குத் தெரியும். நான் விடல. என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா? இங்க உக்காந்து அந்தத் தையல்காரிக்காக அழுறியே, அவளையும் யாரும் கேக்கல."

திரையில் யாரோ என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "நல்லாக் கேளுங்கம்மா!" என்றது. இன்னொரு பக்கம் யாரோ கைதட்டினார்கள். அவன் முகம் இருட்டிலும் சிவந்தது எனக்குத் தெரிந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு, குனிந்தபடியே வெளியே போனான். அக்கா அவன் இருக்கையில், நட்டநடுவில், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

படத்தைக் கடைசிவரை பார்த்தாள். தையல்காரி மகனின் மடியில் தலைவைத்து, சிரித்துக்கொண்டே செத்துப் போனாள். சுற்றி எல்லோரும் விசும்பினார்கள். அக்கா திரையைப் பார்த்து இரண்டு விரலைச் சுண்டினாள்.

வெளியே அவன் தூணோரமாக நின்றான். பாப்பா விழித்துக்கொண்டு அவன் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது. அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால் மருமகள் அவன் முன்னால் போய் நின்றாள். "அத்தையே வேலையை விட ஆசைப்படுறாங்கன்னு என்கிட்ட சொன்னீங்களே? அப்ப அது பொய்யா?"

அவன் தரையைப் பார்த்தான். "அம்மா கஷ்டப்பட வேணாம்னு..."

"யாரு கஷ்டப்பட்டா? நான் வேலைக்குல்ல போறேன்!" என்றாள் அக்கா. "பாப்பாவைப் பார்க்க ஆள் வேணும்னா உக்காந்து பேசுவோம். எனக்கு லீவு இருக்கிற அன்னைக்கு நான் பார்க்கிறேன், உனக்கு இருக்கிற அன்னைக்கு நீ பாரு. மத்த நாளுக்கு ஒரு காப்பகம் தேடு. உன்னை அப்படித்தான் வளர்த்தேன், நீ ஒண்ணும் கெட்டுப் போயிடல. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அந்தக் கடைசி வரி அவனைத் தைத்தது. "மன்னிச்சிரும்மா" என்றான். இந்தத் தடவை படத்துக்காக இல்லை, தனக்காகவே அழுதான்.

"என்கிட்ட அப்புறம் சொல்லு. நாளைக்குக் காலைல என்கூட வந்து சூப்பர்வைசர்கிட்ட சொல்லு. அம்மா சொல்லல, நான்தான் சொன்னேன்னு."

"வர்றேன்."

"கடிகாரம் வேற வாங்கியிருப்பாங்க" என்று நான் நடுவில் முணுமுணுத்தேன். அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அவன்தான் குழந்தையைத் தூக்கி வந்தான். தோள் மாற்றத் தெரியாமல் ஒரே தோளில் வைத்துக்கொண்டு வந்ததில் கழுத்து கோணிப்போயிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், கை நீட்டவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, அவன் மெதுவாகக் கேட்டான்.

"அம்மா... கடைசில என்னம்மா ஆச்சு? அந்த அம்மா பொழைச்சாங்களா?"

அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொழைச்சா. கடையத் தொறந்து வேலைக்குப் போனா."

அவன் நம்பவில்லை. என் பக்கம் திரும்பினான். "நிஜமாவா சித்தி?"

எனக்குத்தான் கதையை ஒழுங்காகச் சொல்ல வராதே. அன்று மட்டும் தடுமாறவே இல்லை.

"ஆமாடா. நானும்தான் பார்த்தேன்" என்றேன். "காலை ஷிஃப்டுக்கே போயிட்டா."